இன்ஸ்பெக்‌ஷன் அன்று திறந்த அறை

எங்கள் ஓய்வூதியர் சங்க மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று செயலாளர் வீடு தேடி வந்து கேட்டார். ஒரகடத்திலிருந்து வல்லம் வடகாலுக்கு வரும் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஸ்கூட்டர் ஓட்டிக்கொண்டு வந்த மனிதர். வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று சம்மதித்தேன். "இனிய நினைவுகள்" என்று தலைப்பையும் அவரே கொண்டுவந்திருந்தார். அதை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், நான் எழுதுவதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன். காபியைக் குடித்துவிட்டு, "ரொம்பக் காரமா எழுதிடாதீங்க எஸ்தரம்மா" என்று கேட்டுக்கொண்டு போனார்.

ரயில்வேயில் முதல் வகுப்புப் பெண்கள் காத்திருப்பு அறையில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உதவியாளர் என்பது காகிதத்தில் உள்ள பெயர். பிளாட்பாரத்தில் என் பெயர் "வெயிட்டிங் ரூம் ஆயா". எந்த ஸ்டேஷன் என்று எழுத மாட்டேன். எங்கள் ஊரிலிருந்து ஷேர் ஆட்டோவில் சிங்கப்பெருமாள் கோவில் வந்து, மின்சார ரயில் பிடித்துப் போய்வந்த ஒரு ஜங்ஷன் என்பது போதும். வடக்கேயா தெற்கேயா என்று கேட்டாலும் வாயைத் திறக்கமாட்டேன்.

மலர் வராவிட்டாலும் இதை ஒருநாள் எழுதித்தான் இருப்பேன். சமீபத்தில் மகள் வீட்டுக்குப் போவதற்காக அதே ஜங்ஷனுக்குப் போனேன். நான் வேலை பார்த்த அறை அங்கே இல்லை. நடுச்சுவரை இடித்து, பக்கத்து அறையையும் சேர்த்து, கண்ணாடிக் கதவு போட்டு, லவுஞ்ச் ஆக்கியிருக்கிறார்கள். ஒப்பந்தக்காரர் ஒருவர் எடுத்து நடத்துகிறார். சோபா, காபி மெஷின், இருக்கைக்கு இருக்கை போன் சார்ஜ் போட வசதி, சுவர் நிறைய டிவி. வாசலில் கோட்டுப் போட்ட ஒரு பெண், "எவ்ளோ நேரம் இருப்பீங்க மேடம்?" என்று கேட்டாள். எந்த வகுப்பு டிக்கெட் என்று கேட்கவில்லை. மணிக்கு இவ்வளவு என்று கட்டினால் பொதுப் பெட்டியில் போகிறவரும் உள்ளே போகலாம். கட்ட முடியாதவர், அவரிடம் எந்த டிக்கெட் இருந்தாலும் வெளியேதான்.

சங்கக் கூட்டத்தில் இதைச் சொன்னபோது பழைய ஆட்கள் உச்சுக்கொட்டினார்கள். "நம்ம காலத்துல அந்த ரூமுக்கு ஒரு மரியாதை இருந்துச்சு. இப்ப எவன் வேணா பூந்து உக்காந்துக்கலாம்" என்றார் ஒருவர். எனக்கு வந்ததே கோபம். அந்த மரியாதையைத் தினமும் பெருக்கித் துடைத்துக் கழுவினவள் நான். அது எப்படிப்பட்ட மரியாதை என்று எனக்குத் தெரியும்.

ஒரே கூரையின் கீழ் எங்கள் ஸ்டேஷனில் மூன்று விதமாகக் காத்திருந்தார்கள். பொது டிக்கெட்காரர்களுக்குப் பிளாட்பாரமே அறை. தூணைச் சுற்றிக் கட்டிய மேடையில் இடம் கிடைத்தால் அதிர்ஷ்டம், இல்லாவிட்டால் செய்தித்தாளை விரிக்க வேண்டியதுதான். இரண்டாம் வகுப்பில் முன்பதிவு செய்தவர்களுக்கு ஒரு கூடம் உண்டு. உட்கார்ந்து எழுந்தால் தொடையில் ஓட்டை ஓட்டையாக அச்சு விழும் இரும்பு நாற்காலிகள் அங்கே. முதல் வகுப்பு அறையில் கை நீண்ட பிரம்பு நாற்காலிகள், ஆளுயரக் கண்ணாடி, வட்ட மேசை, ஜன்னலுக்குத் திரை. வெளியிலிருந்து எட்டிப் பார்ப்பவர்கள் அந்த நாற்காலிதான் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டு போவார்கள்.

வித்தியாசம் அதில் இல்லை. பின்பக்கம் இருந்த குளியலறையில் இருந்தது. உள்ளே தாழ்ப்பாள் விழும் கதவு, திறந்தால் தண்ணீர் வரும் குழாய், ஒரு வாளி, துணி மாட்ட ஆணி. ராத்திரி முழுக்க ரயிலில் வந்த பெண்ணுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? இரண்டாம் வகுப்புக் கூடத்தின் கழிப்பறையில் தாழ்ப்பாள் இருக்கிற நாளில் தண்ணீர் இருக்காது. தண்ணீர் வருகிற நாளில் தாழ்ப்பாளை எவனாவது கழற்றிக்கொண்டு போயிருப்பான். மேல் வகுப்பு, கீழ் வகுப்பு என்று போர்டில் எழுதியிருப்பதற்கு எனக்குத் தெரிந்த அர்த்தம் இவ்வளவுதான்.

என் கணவர் தண்டவாளப் பராமரிப்பில் இருந்தார். வேலையில் இருக்கும்போதே இறந்துபோனார். வாரிசு என்று எனக்கு இந்த வேலை கொடுத்தார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்த ரோசம்மா அக்கா, ஓய்வு பெறுகிற வாரத்தில் என்னைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னதுதான். கண்ணாடியைப் பழைய செய்தித்தாளால் துடை, துணியால் துடைத்தால் கோடு விழும். பிரம்பில் மூட்டைப்பூச்சி வந்தால் நாற்காலியை வெயிலில் போடு. குளியலறைச் சாவியை முந்தானையில் முடிந்து வை. "டிக்கெட்டு அப்பால கேளு. மொதல்ல செருப்பப் பாரு. செருப்பப் பாத்தாலே இன்னா கிளாஸ்னு தெரிஞ்சிடும்" என்பார்.

செருப்புப் பாடம் எனக்குக் கடைசிவரை ஏறவில்லை. முதல் வகுப்பு அம்மாக்கள் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. ஆனால் அவர்களுக்கும் என்மேல் பெரிய வெறுப்பு எதுவும் கிடையாது. அவர்களுடைய வெறுப்பெல்லாம் ஏசி மூன்றடுக்கு டிக்கெட்டோடு வருகிற அம்மாக்கள் மேல்தான். மூன்றடுக்கு மேல் வகுப்பா, இல்லையா என்று இரண்டு பட்டுப்புடவைகள் ஒருநாள் என்னை நடுவராக வைத்துச் சண்டை போட்டன. "நீயே சொல்லு ஆயா, இவங்க இங்க உக்காரலாமா?" என்று ஒரு அம்மா கேட்டார். அந்த அறையில் காலி நாற்காலிகள் ஏழெட்டுக் கிடந்தன. மனிதருக்கு ரொம்பக் கீழே இருப்பவரைப் பார்த்தால் கண் உறுத்தாது போல, ஒரு படி கீழே நிற்பவரைப் பார்த்தால்தான் உறுத்தும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்கள். நான் அதற்கு நேர் எதிரான பூசாரி. சட்டம் தராத வரத்தை நான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்க மறைவு தேடுகிறவள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மாசமான பெண், சர்க்கரை வியாதியால் அடக்க முடியாத வயசான அம்மா, இவர்கள் வந்து கேட்டால் டிக்கெட்டைப் பார்க்காமல் சாவியைக் கொடுப்பேன். இதைக் குற்றமாக ஒப்புக்கொள்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

அப்போது எங்கள் ஸ்டேஷன் மாஸ்டர் தாமோதரன் என்பவர். கை சுத்தமான மனிதர். பார்சல் ஆபீஸில் ஒரு மாம்பழக் கூடை வந்தாலும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டார். ஆனால் அவரிடம் ஒரு விசேஷம் உண்டு. கோபம் ஏற ஏற அவர் குரல் இறங்கும். சாதாரணமாகப் பேசினால் அடுத்த பிளாட்பாரத்துக்குக் கேட்கும். எரிச்சல் வந்தால் எதிரில் நிற்பவருக்கு மட்டும் கேட்கும். உண்மையாகவே கோபம் வந்துவிட்டால் உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும். "சார் கத்திகினு இருந்தா நிம்மதியா டீ குடிக்கலாம்" என்று போர்ட்டர்கள் சொல்வார்கள். என் அறைக்கு வந்தால் கதவு நிலையின் மேல்பக்கம் விரலை ஓட்டுவார். விரலை வெள்ளைக் கைக்குட்டையில் துடைப்பார். கைக்குட்டையை என் பக்கம் காட்டுவார். வாயைத் திறக்காமல் போய்விடுவார். எத்தனையோ பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன், அந்தக் கைக்குட்டைக்குத்தான் பயந்திருக்கிறேன்.

அவருக்கு உயிர் என்றால் அது வருடாந்திர இன்ஸ்பெக்‌ஷன். பெரிய ஆபீஸர் தனி ரயிலில் வந்து ஸ்டேஷன் ஸ்டேஷனாகப் பார்ப்பார். நன்றாகப் பராமரிக்கப்பட்ட ஸ்டேஷனுக்குக் கேடயம் உண்டு. எங்கள் ஸ்டேஷன் அதைத் தொட்டுத் தொட்டுத் தவறவிட்டுக்கொண்டிருந்தது. தாமோதரன் சார் ஓய்வு பெறுவதற்குள் அதை வாங்கிவிட வேண்டும் என்று இருந்தார்.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு என்று ஒரு நடைமுறை இருந்தது. எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது, ஆனால் எல்லா ஸ்டேஷனிலும் நடக்கும். ஆபீஸர்கள் தங்கும் விடுதியிலிருந்து நல்ல திரைச்சீலைகள் என் அறைக்கு இரவலாக வரும். வட்ட மேசைக்குப் பூச்சாடி வரும். குளியலறைக்குப் புதுத் துண்டும் உறை பிரிக்காத வாசனைச் சோப்பும் வரும். இதெல்லாம் வந்த உடனே அறையைப் பூட்டிவிடுவோம். ஆமாம், பூட்டிவிடுவோம். யாராவது உள்ளே வந்தால் அழுக்காகிவிடும் அல்லவா? முதல் வகுப்பு டிக்கெட்டோடு வந்து நிற்பவருக்கும் அன்றைக்கு அறை கிடையாது. பயணிகளுக்கு அறை எவ்வளவு வசதியாக இருக்கிறது என்று ஆபீஸர் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போவார். அவர் ரயில் நகர்ந்த உடனே பூச்சாடி, திரை, துண்டு, சோப்பு எல்லாம் வந்த வழியே திரும்பிப் போகும்.

இன்னொன்றும் நடக்கும். காலையிலிருந்து பிளாட்பாரங்களைக் குழாய் வைத்துக் கழுவுவார்கள். தொட்டித் தண்ணீர் முழுக்க அதற்கே போய்விடும். இரண்டாம் வகுப்புக் கழிப்பறையில் அன்றைக்குச் சொட்டுத் தண்ணீர் வராது. என் அறைக்கு மட்டும் தனித் தொட்டி. பிளாட்பாரம் பளபளவென்று இருக்கும்போது கழிப்பறை வறண்டு கிடக்கிறதே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆபீஸர் அந்தப் பக்கம் போவதில்லை.

அப்படிப்பட்ட ஒரு நாளில்தான் அந்தப் பெண்கள் வந்து இறங்கினார்கள். தெற்கேயிருந்து வருகிற ரயில் அன்றைக்கு ரொம்பத் தாமதம். நல்ல வெயில் ஏறிவிட்டது. பொதுப் பெட்டியிலிருந்து ஒரு கூட்டம் இறங்கியது. எல்லாரும் பள்ளிக்கூடம் முடித்த வயது. எங்கள் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குச் சேர அழைத்துவரப்பட்டவர்கள். அந்தக் காலத்தில் வாரம் தவறாமல் இப்படி ஒரு கூட்டம் வரும். கூட்டி வந்த ஏஜென்ட், கம்பெனி பஸ்ஸைத் தேடி வெளியே போய்விட்டான். இவர்கள் முதல் பிளாட்பாரத்தில், சரியாக என் அறைக்கு எதிரே இருந்த தூணைச் சுற்றிப் பைகளோடு நின்றார்கள்.

தாமோதரன் சார் என்னைக் கூப்பிட்டார். குரல் நடுத்தரமாக இருந்தது. "எஸ்தரம்மா, ஆபீஸர் ரயில் கிளம்பிடுச்சு. அந்தப் பொண்ணுங்களைப் பார்சல் ஆபீஸுக்குப் பின்னால கொண்டுபோய் உக்கார வைங்க. கண்ணுல படக் கூடாது."

நானும் போனேன். "இன்னாமா, இங்கயே நின்னுகினு கீறீங்க? அப்டி தூரமாப் போயி குந்துங்க" என்றேன். கூட்டம் அசையவில்லை. அப்போதுதான் கவனித்தேன். அவர்கள் தூணைச் சுற்றி நிற்கவில்லை, தூணோடு ஒட்டி நின்ற ஒருத்தியைச் சுற்றி நின்றார்கள். அவள் முதுகைத் தூணில் அழுத்திக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலைக்குச் சேருகிற நாள் என்று வெளிர் மஞ்சளில் புதுச் சுடிதார் போட்டிருந்தாள்.

"யக்கா, கொஞ்சம் பொறுங்க. இவளால இப்பம் நவுர முடியாது" என்றாள் ஒருத்தி. அவள் பெயர் மாரிச்செல்வி என்று பிறகு தெரிந்தது. கூட்டத்துக்கு அவள்தான் வாய்.

"ஏன், ஒடம்பு முடியலியா?"

"நீங்களும் பொம்பளதான? பாத்தா தெரியலயா?" என்று வெடுக்கென்று கேட்டாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "அங்கன ரெண்டு தடவ போயிப் பாத்துட்டோம், தண்ணியே இல்ல. ரயில்லயும் போவ முடியலக்கா. கக்கூஸ் வாசல்லயே ஆம்பளையாளு படுத்துக் கெடந்தாவ. இவளுக்கு ராத்திரியே தீட்டாயிட்டு, அதுல இருந்து இப்பிடியே இருக்கா. பேச்சி, நிமிந்து பாருட்டி, அக்கா ஒண்ணுஞ் சொல்லமாட்டாவ."

அந்தப் பேச்சி நிமிரவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் நேராகத் தரையில் விழுந்தது. பூட்டிய அறைக்குள் தனித் தொட்டியில் தண்ணீர் நிறைந்து கிடக்கிறது. சோப்பும் துண்டும் இருக்கின்றன. அதெல்லாம் அங்கே கை கழுவப்போகிறாரா என்றே தெரியாத ஒரு மனிதருக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. நான் யோசித்தேன் என்று சொன்னால் அது பொய். கதவைத் திறந்தேன்.

முதலில் பேச்சியும் மாரிச்செல்வியும்தான் போனார்கள். மற்றவர்கள் வெளியே நின்று கதவையே பார்த்தார்கள். அவர்களும் அதே பெட்டியில், அதே வாசலைத் தாண்ட முடியாமல் வந்தவர்கள்தானே? ஒருத்திக்குத் திறந்த கதவை மற்றவர்கள் முகத்தில் அறைந்து மூட எனக்கு மனம் வரவில்லை. "வாங்கடி எல்லாரும், சீக்கிரம்" என்றேன். அறை நிரம்பிவிட்டது. குளியலறையிலிருந்து சோப்பு வாசனை வந்தது. முகம் கழுவினவர்கள் ஆளுயரக் கண்ணாடிக்கு முன்னால் முட்டி மோதிக்கொண்டு பொட்டு வைத்துக்கொண்டார்கள். பேச்சி மாற்றுத் துணியோடு வெளியே வந்தாள். துவைத்த சுடிதார் அவள் கையில் சுருட்டியிருந்தது. அதை எங்கே உலர்த்துவது என்று கேட்டாள். விடுதியிலிருந்து வந்த திரைச்சீலை தொங்கிய கம்பியைக் காட்டினேன்.

ஒரு சின்னப் பெண் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து அதன் கையைத் தடவிப் பார்த்தாள். "யக்கா, இது எதுக்கு இம்புட்டு நீளம்?"

"வெள்ளக்காரன் காலத் தூக்கிப் போட்டுக்கறதுக்கு."

"நாமளும் போட்டுக்கிடலாமா?"

"போட்டுக்கோ" என்றேன். அவள் போட்டுக்கொண்டாள், மற்றவர்கள் சிரித்தார்கள். அத்தனை வருடத்தில் அந்த அறையில் அப்படி ஒரு சிரிப்பை நான் கேட்டதில்லை.

தாமோதரன் சார் வாசலில் வந்து நின்றார். உதடு அசைந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவருக்குப் பின்னாலேயே, சொன்ன நேரத்துக்கு முன்பாகவே, பெரிய ஆபீஸரும் நாலைந்து பேரும் வந்துவிட்டார்கள். ஆபீஸர் ஈரத் தரையைப் பார்த்தார், கம்பியில் தொங்கிய சுடிதாரைப் பார்த்தார், நாற்காலியில் கால் நீட்டியிருந்த பெண் அவசரமாக எழுந்திருப்பதைப் பார்த்தார்.

"யார் இவங்க? எந்தக் கிளாஸ்?"

"ஃபேக்டரிக்கு வந்த கும்பல் சார்" என்றார் தாமோதரன் சார். "ஆள் அசந்த நேரம் பாத்து உள்ள பூந்துட்டாங்க."

"அத்துமீறல்னு கேஸ் போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு ஆபீஸர் அடுத்த அறைக்கு நடந்தார். அவர் அதற்குமேல் அதைப் பற்றி நினைத்திருக்கவேமாட்டார்.

ரயில்வே போலீஸ் வந்து பெண்களை வெளியே வரிசையாக உட்கார வைத்தது. அதற்குள் ஏஜென்ட் திரும்பி வந்தான். விஷயத்தைக் கேட்டுத் தலையில் கை வைத்தான். "கேஸ் ஆச்சுன்னா கம்பெனில எடுக்கவே மாட்டான் மேடம். கேட்லயே திருப்பி அனுப்பிடுவான். இதுங்கள நான் மறுபடி ஊருக்கு எப்டி கூட்டிகினு போறது?" என்று என்னிடம் புலம்பினான். பேச்சி மறுபடியும் தரையைப் பார்க்க ஆரம்பித்திருந்தாள்.

ஆபீஸர் ரயில் போன பிறகு தாமோதரன் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். அதுவரை அவர் அறையில் நான் உட்கார்ந்ததில்லை. ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் தள்ளினார்.

"வாசலைப் பெருக்கிக்கிட்டு இருக்கும்போது என்னைத் தள்ளிட்டு உள்ள போனாங்கன்னு எழுதிக் குடுங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது."

"அதுங்களுக்கு சார்?"

"ஃபைன் கட்டிட்டுப் போகும்."

"வேலைக்கு எடுக்கமாட்டானாமே சார்."

"அது நம்ம பிரச்சினை இல்ல." குரல் இறங்கத் தொடங்கியது. "எஸ்தரம்மா, நான் உங்களைக் காப்பாத்தத்தான் பாக்கறேன். தனியா இருக்கீங்க. பொண்ணு படிக்குது. பூட்டி வெக்கச் சொன்ன ரூமை இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்குத் திறந்தீங்கன்னு மேல ரிப்போர்ட் போச்சுன்னா வேலையே போனாலும் போகும். யோசிங்க."

அவர் சொன்னதில் பொய் இல்லை. அவர் மனதில் கெட்ட எண்ணமும் இல்லை, அதுதான் கொடுமை. தன் ஊழியரைக் காப்பாற்றுகிற நல்ல அதிகாரியாகத்தான் அவர் தன்னை நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. மகளுடைய முகம் வந்து போனது. ஆனால் அந்தப் பெண்கள் என்னைத் தள்ளினார்கள் என்று எழுதுவதை நினைத்தபோது பயத்தைவிட ஆத்திரம் பெரிதாக வந்தது. ஒருத்தியாவது என்னை இடித்திருந்தால்கூட மனம் இடம் கொடுத்திருக்குமோ என்னவோ. உள்ளே வரும்போது ஒவ்வொருத்தியும் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள்.

"பேனா குடுங்க சார்" என்றேன். அவர் முகம் தெளிந்தது. வாசகத்தைச் சொல்ல ஆரம்பித்தார். "சொல்ல வேணாம் சார், எனக்கு எழுத வரும்" என்றேன். பூட்டிய அறையைத் திறந்தது நான், அவர்களை உள்ளே கூப்பிட்டது நான், யாரும் என்னைத் தள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவர் அதைப் படித்தார். உதடு அசைந்தது. அன்றைக்கு அந்த உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ள நான் முயற்சி செய்யவில்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

ஊழியரே திறந்துவிட்டிருந்தால் அத்துமீறல் எப்படி என்று போலீஸ்காரர் கேட்டார். கேஸ் இல்லை, கிளம்புங்கள் என்று விட்டுவிட்டார்கள். பஸ் வந்து நின்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. ஏஜென்ட் அவர்களை ஓட்டமும் நடையுமாகக் கூட்டிக்கொண்டு போனான். போய்வருகிறேன் என்று சொல்லக்கூட ஒருத்திக்கும் நேரமில்லை. ஈரச் சுடிதார் கம்பியிலேயே கிடந்தது. உலர்த்தி, மடித்து, யாராவது கேட்டு வந்தால் கொடுக்கலாம் என்று பல மாதம் வைத்திருந்தேன்.

எனக்குக் குற்றச்சாட்டுக் காகிதம் வந்தது. விசாரணை நடந்தது. விசாரணை அதிகாரி பொறுமையான மனிதர்.

"பூட்டி வைக்கச் சொன்னது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும் சார்."

"அவங்ககிட்ட முதல் வகுப்பு டிக்கெட் இல்லைன்னு தெரியுமா?"

"தெரியும் சார்."

"அப்புறம் எதுக்குத் திறந்தீங்க?"

"அங்கதான் சார் தண்ணி இருந்துது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "வருத்தம் தெரிவிச்சு ஒரு வரி சேத்துக்கட்டுமா? எச்சரிக்கையோட விட்டுடுவாங்க" என்றார். "வருத்தம் இல்ல சார்" என்றேன். அவரும் என்னதான் செய்வார்? சம்பள உயர்வை நிறுத்தினார்கள். அறையிலிருந்து எடுத்துப் பிளாட்பாரம் கழுவும் வேலைக்குப் போட்டார்கள். கேடயம் வேறு ஸ்டேஷனுக்குப் போனது. கூட வேலை பார்த்தவர்கள் பல நாள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. "உனக்கு இன்னாத்துக்கு இந்த ஊரு வம்பு? உன் வூட்டுப் பொண்ணுங்களா அதுங்க?" என்று ரோசம்மா அக்காவே ஒருநாள் கேட்டார். என் வீட்டுப் பெண்ணாக இருந்தால்தான் திறக்கலாம் என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று திருப்பிக் கேட்டேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார்.

பிளாட்பாரம் கழுவினதில் எனக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. குழாய் என் கையில் இருந்தது. இன்ஸ்பெக்‌ஷன் நாள்களில் முதலில் இரண்டாம் வகுப்புக் கழிப்பறைத் தொட்டியைத்தான் நிரப்புவேன். பிளாட்பாரத்துக்கு மிச்சம் இருந்தால் பார்க்கலாம் என்பேன். மேஸ்திரி கத்துவான். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். சில வருடம் கழித்து, ஆள் இல்லாத குறைக்கு, அவர்களே என்னை மறுபடியும் அந்த அறைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சாவி திரும்பக் கைக்கு வந்தது. பழைய வழக்கத்தை நான் விடவும் இல்லை.

ஒருமுறை சிங்கப்பெருமாள் கோவிலில் ஷேர் ஆட்டோவில் மாரிச்செல்வியைப் பார்த்தேன். கம்பெனி யூனிஃபார்மில், கழுத்தில் அடையாள அட்டையோடு, போனில் யாரையோ உற்பத்தி லைன் நின்றுபோனதற்குத் திட்டிக்கொண்டு வந்தாள். அதே வெடுக்குக் குரல். என்னை அடையாளம் தெரியவில்லை. நானும் நான்தான் என்று சொல்லிக்கொள்ளவில்லை. நன்றி வாங்கிக்கொள்வதற்காகத் திறந்த கதவு இல்லை அது. ஒரகடத்தில் இறங்கும்போது, "பெரியம்மா, கொஞ்சம் காலை மடக்கிக்கிடுங்க" என்றாள். மடக்கிக்கொண்டேன்.

ஆகவே அந்தக் கால மரியாதை என்று இனி யாரும் என்னிடம் வந்து உருக வேண்டாம். அன்றைக்குச் செருப்பைப் பார்த்து வெளியே நிறுத்தினோம். இன்றைக்குக் காசைப் பார்த்து நிறுத்துகிறார்கள். சோபாவும் காபி மெஷினும் வைத்துக்கொள்ளட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. தாழ்ப்பாளும் தண்ணீரும் எல்லாப் பெண்ணுக்கும் இருக்கட்டும், அதற்குப் பிறகு எத்தனை வகுப்பு வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நிர்வாக அலுவலகத்திலிருந்து ஒரு இளைஞர் வந்தார். நல்ல பையன். என் சேவைக் குறிப்பை எடுத்து வைத்துக்கொண்டு பேசினார். பிரிவு உபசார விழாவில் ஒவ்வொருவர் பெயரையும் வாசிக்கும்போது "களங்கமில்லாமல் பணியாற்றியவர்" என்று சேர்த்து வாசிப்பார்களாம். என் பெயருக்கு மட்டும் அப்படி வாசிக்க முடியாது, அந்தத் தண்டனை இருக்கிறது. "ஒரு மனு குடுங்கம்மா. அன்னிக்கு நடந்ததுக்கு வருந்தறேன்னு ஒரே ஒரு வரி போதும். பெரிய சார்கிட்ட சொல்லி அந்தக் குறிப்பை எடுத்துடலாம். எல்லாரும் நல்ல பேரோட போறப்ப நீங்க மட்டும் ஏன்?" என்றார். மனுவை அவரே தட்டச்சு செய்து கொண்டுவந்திருந்தார். கையெழுத்துதான் பாக்கி.

அவர் மனதை நோகடிக்க எனக்கு விருப்பமில்லை. தாளை மடித்து அவர் சட்டைப் பையிலேயே வைத்தேன்.

"தம்பி, இத்தினி வருசமா நான் பெருக்குனது, தொடச்சது, கழுவுனது எதையும் நீங்க எழுதி வெக்கல. எழுதி வெச்சது அது ஒண்ணுதான். அதையும் அடிச்சிட்டா, இந்த எஸ்தரு வேலைக்கே வராத மாதிரி ஆயிடும்பா. அது அப்டியே இருக்கட்டும்."